மட்டையைப் பிடித்து நின்ற கதை

கோல்ஃப் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். அடி ஓரிரு நொடியில் முடிந்துவிடும். அதற்கு முந்தைய ஆயத்தம்தான் நீளம். ஆட்டக்காரர் பந்துக்குப் பக்கவாட்டில் வந்து நிற்கிறார். மட்டையின் முகத்தைப் பந்துக்குப் பின்னால் தரையில் மெல்ல வைக்கிறார். விரல்களைத் திருத்திக்கொள்கிறார், முழங்காலைச் சற்றே மடக்குகிறார், இலக்கை ஒரு பார்வை, பந்தை ஒரு பார்வை. உலகின் எந்த மைதானத்திலும் இந்த நிலை ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், மனித உடம்புக்கு இயல்பாகவே அமைந்தது போலத் தோன்றும். ஆனால் இந்தச் சில நொடிகளுக்குப் பின்னால் வில் செய்கிற தச்சர்களும், வாள்வீச்சு பழகிய மாணவனும், மலாய்க் காட்டு மரமொன்றின் பாலும், இரண்டு பல் மருத்துவர்களும், சில பிடிவாதக்காரர்களும் இருக்கிறார்கள். கையில் இருந்த பொருள் மாறியபோதெல்லாம் நிற்கும் விதமும் மாறியது. பொருள் போன பிறகும் நிற்கும் விதம் மட்டும் பல முறை தங்கிவிட்டது.

பழைய சாட்சியம் ஒன்று முழங்காலிட்டபடி இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள புரூஜ் நகரில், சைமன் பெனிங் என்ற ஓவியரின் பட்டறையில் ஒரு பிரார்த்தனைப் புத்தகம் உருவானது. அதில் ஒரு பக்கத்தின் அடியோரத்தில் சிலர் மட்டையும் பந்துமாக விளையாடுகிறார்கள்; ஒருவர் மண்டியிட்டுக் குழியை நோக்கிப் பந்தைத் தள்ளப் பார்க்கிறார். லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் அந்தப் புத்தகத்துக்கு இப்போது 'கோல்ஃப் புத்தகம்' என்றே பெயர். குழிக்குப் பக்கத்தில் எப்படி நிற்பது என்று அன்று யாரும் சட்டம் போட்டிருக்கவில்லை. முழங்காலிட்டாலும் சரிதான்.

ஸ்காட்லாந்தில் நிலைமை கொஞ்சம் சிக்கல். 1457-இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் காலத்து நாடாளுமன்றம் கோல்ஃபையும் கால்பந்தையும் தடை செய்தது. இங்கிலாந்தோடு பகை இருக்கும்போது இளைஞர்கள் வில்வித்தை பழக வேண்டும், பந்து தட்டித் திரியக் கூடாது என்பது காரணம். ஆனால் மட்டை செய்யத் தெரிந்தவர்கள் யார்? மரத்தை வளைக்கவும், இழைக்கவும், உடையாமல் மெலிதாக்கவும் தெரிந்த வில் தச்சர்கள்தான். 1502-இல் இங்கிலாந்தோடு சமாதான உடன்படிக்கை ஆன அதே ஆண்டில், நான்காம் ஜேம்ஸ் மன்னருக்காகப் பெர்த் நகரத்து வில் தச்சர் ஒருவரிடம் மட்டைகள் வாங்கியதாக அரண்மனைக் கணக்கில் பதிவாகியிருக்கிறது. 1603-இல் வில்லியம் மேய்ன் என்ற வில் தச்சரே அரசவையின் மட்டைத் தச்சராக நியமிக்கப்பட்டார். எந்தக் கலையைக் காப்பாற்ற ஆட்டத்தைத் தடை செய்தார்களோ, அந்தக் கலைக்காரர்களே ஆட்டத்துக்கும் கைகொடுத்தார்கள்.

'இப்படி நில்' என்று முதன்முதலாக எழுதி வைத்தவர் ஓர் ஆசிரியரல்ல, எடின்பரோவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த தாமஸ் கின்கெய்ட். அவருடைய 1687-ஆம் ஆண்டு நாட்குறிப்பில் கோல்ஃப் அடிக்கடி வருகிறது. சும்மா 'இன்று ஆடினேன்' என்று எழுதிவிட்டுப் போகிறவரல்ல அவர். ஆடிவிட்டு வந்து, உடம்பில் எது எங்கே இருக்க வேண்டும் என்று விதிகளாக வகுத்துப் பார்க்கிறார். சிறுவாள் சண்டைக்கு நிற்பதுபோல நிற்க வேண்டும் என்கிறார். கால்கள் சற்று மடங்கியிருக்க வேண்டும். கால், முதுகு, கைத் தசைகள் விறைப்பாக இருக்க வேண்டும், அடி இறங்கும்போதும் அவை தளரக் கூடாது. பந்து மார்புக்கு நேராக, இடது பாதத்தின் பக்கம் கொஞ்சம் தள்ளி இருக்க வேண்டும்.

இந்தக் குறிப்பை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு தீர்வதில்லை. பின்னால் வந்த ஆசிரியர்கள் விறைப்பை மட்டும் தள்ளிவிட்டார்கள். தோளும் முன்கையும் தளர்வாக இருக்கட்டும் என்பதே இன்றைய பாடம். ஆனால் மடங்கிய முழங்கால் அப்படியே இருக்கிறது. நீள அடிக்குப் பந்தை இடது குதிகாலுக்கு நேராக வை என்று இன்று பயிற்சியாளர்கள் சொல்வது கின்கெய்ட் சொன்னதுதான். மூட்டும் தசையும் பற்றிப் படிக்கிற இளைஞன், பழகிய வாளை மனதில் வைத்துக்கொண்டு மட்டையைப் பிடித்தான். அவன் கண்டுபிடித்ததில் பாதி முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்துவிட்டது.

1744-இல் லீத் நகரத்துக் கனவான்கள் 13 விதிகளை எழுதினார்கள். முதல் விதியே, அடுத்த ஆட்டத்தைத் தொடங்கும் பந்தைக் குழியிலிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள் வைக்க வேண்டும் என்பது. பந்தை வைக்க ஒரு பிடி மணல் போதும். அதைக் குழியிலிருந்தே அள்ளிக்கொள்வார்கள். அந்தக் காலத்து மட்டைகளைப் பார்த்தால் அவர்கள் நின்ற விதமும் புரியும். நீண்ட மூக்குள்ள மரத்தலை, நீளமான தண்டு, தரையோடு சாய்ந்த கோணம். ஆகவே பந்திலிருந்து தள்ளித்தான் நிற்க முடியும். வீச்சும் உடம்பைச் சுற்றித் தட்டையாகத்தான் போகும். கைப்பிடியில் கம்பளித் துணி சுற்றி, மேலே ஆட்டுத்தோல் போர்த்தித் தடிமனாக்கியிருப்பார்கள். அத்தனை பருமனானதை விரல்களால் பற்ற முடியாது. இரண்டு உள்ளங்கைகளாலும் இறுக்கிப் பிடித்தார்கள்.

இந்தப் பழக்கத்தை அசைத்துப் பார்த்தது சிங்கப்பூரில் ஒரு கத்திப்பிடி. அங்கே அறுவை மருத்துவராக இருந்த வில்லியம் மான்ட்கோமரி, மலாய்க்காரர்கள் தங்கள் பராங் கத்திக்கு ஒருவகை மரப்பாலால் பிடி போடுவதைக் கவனித்தார். வெந்நீரில் போட்டால் இளகும், ஆறினால் இறுகும். கட்டாபெர்ச்சா என்ற அந்தப் பொருளின் மாதிரிகள் 1843-இல் லண்டன் போய்ச் சேர்ந்தன. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகி உலகத்தையே இணைத்த அதே பால், கோல்ஃப் பந்தாகவும் உருண்டது. அது பந்தான விதம் பற்றி ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் ஒரு கதை வழங்குகிறது: இந்தியாவிலிருந்து வந்த விஷ்ணு சிலை ஒன்று உடையாமலிருக்க அதைச் சுற்றிக் கட்டாபெர்ச்சா துண்டுகளை அடைத்திருந்தார்களாம், ராபர்ட் பேட்டர்சன் என்ற இளைஞர் அந்தத் துண்டுகளை உருக்கிப் பந்து பிடித்தாராம். கதை எப்படியோ, 1848 வாக்கில் புதிய பந்து மைதானத்துக்கு வந்துவிட்டது.

அதுவரை இருந்தது வாத்து இறகைத் திணித்துத் தைத்த தோல் பந்து. கைதேர்ந்தவர்கூட ஒரு நாளில் சில பந்துகளே செய்ய முடியும், விலையும் கனம். செயின்ட் ஆண்ட்ரூஸில் அந்தப் பந்துகளைச் செய்துவந்த ஆலன் ராபர்ட்சனுக்குப் புதிய பந்து பிழைப்புக்கே வந்த ஆபத்து. அவரிடம் வேலை பார்த்த டாம் மோரிஸ் புதிய பந்தால் ஆடியது தெரிந்ததும் இருவரும் பிரிந்தார்கள். மோரிஸ் 1851-இல் பிரெஸ்ட்விக் போய்ப் புதிய மைதானம் அமைத்தார். தோல் பந்தை இரும்பு மட்டை கிழித்துவிடும் என்பதால் முன்பெல்லாம் இரும்பை அளவாகத்தான் எடுப்பார்கள். கட்டாபெர்ச்சா அப்படிக் கிழியாது. இரும்பு மட்டைகள் பெருகின. அவற்றின் தண்டு குட்டை, ஆகவே ஆட்டக்காரர்கள் பந்துக்கு நெருங்கி வந்தார்கள். பந்து மலிந்ததால் கனவான்கள் அல்லாதவர்களும் ஆட வந்தார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவரான ஹாரி வார்டன், 1870-இல் ஜெர்சி தீவில் ஒரு தோட்டக்காரரின் மகனாகப் பிறந்தவர். அவருடைய சிறுவயதில் வெளியூரிலிருந்து வந்தவர்கள் கடலோரப் புல்வெளியில் மைதானம் அமைத்தார்கள். ஊர்ப் பிள்ளைகள் அவர்கள் ஆடுவதைப் பார்த்து, மரக்கிளையை வெட்டி மட்டை செய்து, கோலிக்குண்டைப் பந்தாக்கி விளையாடினார்கள். கற்றுக்கொடுக்க ஒருவரும் இல்லை, பார்த்துச் செய்ததுதான். அந்தப் பையன் வளர்ந்து பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை ஆறு முறை வென்றான். இன்றுவரை வேறு யாரும் அதை எட்டவில்லை.

வார்டனின் மட்டைப் பிடி மெலிந்தது. அதை அவர் உள்ளங்கையிலிருந்து விரல்களுக்குக் கொண்டுவந்தார். வலது கையின் சுண்டுவிரலை இடது கை ஆள்காட்டி விரலின் மேல் ஏற்றி வைத்தார். இரண்டு கைகளும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்காமல் ஒரே கையாக வேலை செய்தன. இதை முதலில் செய்தவர் அவரல்ல. ஸ்காட்லாந்தின் ஜானி லெய்ட்லே இதே பிடியோடு 1889-இலும் 1891-இலும் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தை வென்றிருந்தார். ஜே.எச். டெய்லரும் இப்படித்தான் பிடித்தார். ஆனாலும் உலகம் முழுக்க இதன் பெயர் 'வார்டன் பிடி'. லெய்ட்லேயின் பெயரை இன்று கோல்ஃப் வரலாறு படிக்கிறவர்கள் மட்டுமே அறிவார்கள். எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

பெயர் வார்டனிடம் போய்ச் சேர்ந்தது ஒரு வியாபாரப் பயணத்தால். 1900-இல் ஸ்பால்டிங் நிறுவனம் 'வார்டன் ஃப்ளையர்' என்ற கட்டாபெர்ச்சா பந்தை அமெரிக்காவில் விற்க அவரையே அழைத்துப் போனது. அவர் ஊர் ஊராகப் போய் ஆடிக் காட்டினார். அந்த ஆண்டின் அமெரிக்க ஓப்பனையும் வென்றார். கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தவர்கள் அவர் நிற்கும் விதத்தையும் விரல் வைக்கும் விதத்தையும் கவனித்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பந்துக்குத்தான் ஆயுள் இல்லை. ஓஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் ரப்பர் ஆலைக்கு நண்பரைப் பார்க்கப் போன கோபர்ன் ஹாஸ்கெல், அங்கே கிடந்த ரப்பர் நூலை உருண்டையாகச் சுற்றிப் பார்த்ததில் பிறந்த புதிய பந்து சந்தையில் ஏறியது. 1902-இல் சாண்டி ஹெர்ட் அந்தப் பந்தால் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். ஒரே ஓர் அடியில் தோற்றவர்களில் ஒருவர் வார்டன். அவர் விற்கப் போன பந்து மறைந்தது. விலையில்லாமல் காட்டிய பிடி தங்கிவிட்டது. 1905-இல் வந்த அவருடைய 'தி கம்ப்ளீட் கோல்ஃபர்' நூல் நிற்கும் நிலையைப் புகைப்படங்களோடு விளக்கியது; நேரில் பார்க்காதவர்களும் இப்போது நகல் எடுக்கலாம்.

பந்தை மணல் மேட்டில் வைக்கும் வழக்கம் மட்டும் 1744-இலிருந்து அசையவில்லை. தொடக்க மேடையில் ஒரு பெட்டி மணல், ஒரு வாளித் தண்ணீர். மட்டைப் பை சுமக்கும் கேடி ஈரமணலைப் பிடித்து வைப்பார். இதை மாற்றியவர்கள் பல் மருத்துவர்கள். பாஸ்டனின் ஜார்ஜ் கிராண்ட், ஹார்வர்டில் பல் மருத்துவம் படித்து அங்கேயே கற்பித்த கறுப்பினத்தவர். 1899 டிசம்பரில் பந்தைத் தாங்கும் மரக்குச்சிக்குக் காப்புரிமை பெற்றார். விற்கவில்லை, நண்பர்களுக்குக் கொடுத்தார். 1920-களில் நியூஜெர்சியின் வில்லியம் லோவெல், நோயாளிகளின் வாயில் வைக்கும் கைகள் மணலில் காய்ந்து வெடிப்பது பிடிக்காமல் தானும் ஒரு குச்சி செய்தார். 'ரெட்டி டீ' என்று பெயரிட்டு, ஆட்டக்காரர்களான வால்டர் ஹேகனுக்கும் ஜோ கிர்க்வுட்டுக்கும் பணம் கொடுத்துக் காட்சி ஆட்டங்களில் பயன்படுத்தச் சொன்னார். விற்பனை பறந்தது, நகல்காரர்களும் பறந்து வந்தார்கள். சம்பாதித்ததில் பெரும்பகுதி காப்புரிமை வழக்குகளிலேயே கரைந்தது. ஆனால் குனிந்து ஒரு குச்சியைக் குத்துவது அதற்குப் பிறகு எல்லா ஆட்டக்காரர்களின் ஆயத்தத்திலும் முதல் அசைவாகிவிட்டது.

1925 அமெரிக்க ஓப்பனில் இந்த ஆயத்தத்தின் இன்னொரு பக்கம் தெரிந்தது. நீள்புல்லில் கிடந்த பந்துக்குப் பின்னால் அமெரிக்க வீரர் பாபி ஜோன்ஸ் மட்டையை வைக்கும்போது பந்து இம்மியளவு நகர்ந்தது. வேறு எவரும் பார்க்கவில்லை. அவரே சொல்லி ஓர் அடி தண்டனை வாங்கிக்கொண்டார். இறுதியில் வில்லி மக்ஃபார்லேனோடு சமநிலை; கூடுதல் ஆட்டத்தில் ஓர் அடியில் தோல்வி. பாராட்ட வந்தவர்களிடம், திருடாமல் இருந்ததற்கா பாராட்டு என்ற பொருளில் பதில் சொன்னார் ஜோன்ஸ்.

அவர் பாதங்களை நெருக்கி வைத்து நின்றவர். ஹிக்கரி மரத்தண்டு வீச்சில் முறுக்கிக்கொள்ளும்; அந்த முறுக்கைக் கையாலும் உடல் சுழற்சியாலும் சரிக்கட்டிச் சரியான நேரத்தில் முகத்தைப் பந்துக்குக் கொண்டுவர வேண்டும். எஃகுத் தண்டை அமெரிக்கா 1924-இல் அனுமதித்தது. பிரிட்டன் 1929 வரை இழுத்தடித்தது. வேல்ஸ் இளவரசரே செயின்ட் ஆண்ட்ரூஸில் எஃகு மட்டையோடு வந்து ஆடிவிட்ட பிறகு மறுக்க முடியவில்லை. எஃகு அப்படி முறுக்காது. டெக்ஸஸ்காரரான பைரன் நெல்சன், ஹிக்கரிக்காகக் கற்ற மணிக்கட்டு வித்தைகளை விட்டுவிட்டு, முழங்காலும் இடுப்பும் ஓட்டும் வீச்சை வடித்தெடுத்தார். 1945-இல் 18 போட்டிகளை வென்றார். அவற்றில் 11 தொடர்ச்சியாக.

அவருடைய ஊர்க்காரரே பென் ஹோகன். 1949-இல் பேருந்து மோதி உயிர் பிழைத்து, அடுத்த ஆண்டே அமெரிக்க ஓப்பனை வென்றவர். 1957-இல் வந்த அவருடைய 'ஃபைவ் லெசன்ஸ்' நூல் நிற்கும் நிலைக்கு இலக்கணம் வகுத்தது. முதல் பாடமே பிடி. வலது பாதம் இலக்குக் கோட்டுக்குச் செங்குத்து; இடது பாதம் கொஞ்சம் வெளியே திரும்பியிருக்க வேண்டும். அந்தோணி ரவியெல்லியின் கோட்டோவியங்கள் ஒவ்வொரு தசையையும் காட்டின. தலைமுறை தலைமுறையாக ஆட்டக்காரர்கள் கண்ணாடி முன் நின்று அந்தப் படங்களைத் தங்கள் உடம்பில் வரைந்து பார்த்தார்கள்.

புத்தகமும் கண்ணாடியும் எட்டாதவர்கள்? பிரிட்டனுக்கு வெளியே மிகப் பழைய கோல்ஃப் கிளப் 1829-இல் தொடங்கிய கல்கத்தா கிளப். சாம்ராஜ்யம் போன இடமெல்லாம் மைதானம் போனது; மைதானம் போன இடமெல்லாம் பை சுமக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இந்தியக் குடும்பமொன்றில் பிறந்த செவ்சங்கர் செவ்கோலம் அப்படி ஒருவர். குச்சியால் ஆடிப் பழகிய அவர், வலது கை மேலேயும் இடது கை கீழேயுமாக மட்டையைப் பிடித்தார். பாடப் புத்தகங்கள் சொல்வதற்கு நேர் தலைகீழ். திருத்த யாருமில்லை, திருத்தாததே நல்லதாயிற்று. 'ஆயில் ஆஃப் ஓலே' முகப்பூச்சைக் கண்டுபிடித்த கிரகாம் வுல்ஃப் அவரைத் தன் தொழிற்சாலையில் வேலைக்கு வைத்திருந்தார்; வுல்ஃப்தான் அவரை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனார். 1959, 1960, 1964 மூன்று ஆண்டுகளிலும் டச்சு ஓப்பன் பட்டம் அந்தத் தலைகீழ்க் கைகளுக்கே போனது.

1963-இல் அவர் நேட்டால் ஓப்பனை வென்றபோது, வெள்ளையருக்கு மட்டுமான கிளப் கட்டடத்துக்குள் அவர் நுழைய நிறவெறிச் சட்டம் இடம் தரவில்லை. மற்றவர்கள் உள்ளே இருக்க, அவர் மழையில் நின்று கோப்பை வாங்கினார். 1965-இல் அதே போட்டியில் வெள்ளை வீரர் கேரி பிளேயரைத் தோற்கடித்தார். பிறகு அரசு வெள்ளையரின் போட்டிகளின் கதவையே அவருக்கு அடைத்துவிட்டது. அந்தப் பிடி 'செவ்கோலம் பிடி' என்று அவர் பெயரால் வழங்கியிருக்கிறது. வார்டனுக்குக் கிடைத்த பயணங்கள் இவருக்கும் கிடைத்திருந்தால் எத்தனை கைகள் இப்படி மாறியிருக்கும் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஆட்ட விதிகளை வகுப்பவர்களிடமிருந்தும் தடைகள் வந்தன, வேறு வகையில். கைநடுக்கத்தால் குழி அருகே தடுமாறிய அமெரிக்க வீரர் சாம் ஸ்னீட், 1966-இல் பந்தின் கோட்டை இரு கால்களுக்கு நடுவே விட்டு நின்று, க்ரோக்கே ஆட்டம்போலப் பந்தைத் தள்ளத் தொடங்கினார். 1968-இலிருந்து அப்படி நிற்கக் கூடாது என்று விதி வந்தது. அவர் அசரவில்லை, இரு கால்களையும் ஒரே பக்கம் கொண்டுவந்து, குழியைப் பார்த்தபடியே தள்ளினார். இன்னொரு அமெரிக்க வீரர் ஜாக் நிக்லஸ் மட்டையைத் தரையில் வைப்பதையே விட்டுவிட்டார். பந்துக்குப் பின்னால் அந்தரத்தில் பிடித்திருப்பார். அன்றைய விதிப்படி, மட்டை தரையைத் தொட்ட பிறகு பந்து நகர்ந்தால்தான் தண்டனை; தொடவே இல்லையென்றால்? 1971 பிப்ரவரியில் சந்திரனில் நின்ற ஆலன் ஷெப்பர்டுக்கு வேறு சிக்கல். விண்வெளி உடையின் விறைப்பில் இரு கைகளையும் மட்டையில் சேர்க்க முடியவில்லை. மண் அள்ளும் கருவியின் தண்டில் மாட்டிய ஆறாம் எண் இரும்பை ஒற்றைக் கையால் வீசினார். வார்டன் பிடி போகாத ஒரே மைதானம் அதுதான்.

2010 பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பின் கடைசிக் குழியில் டஸ்டின் ஜான்சன், ரசிகர்கள் மிதித்துக் கலைத்த வெற்று மண் என்று நினைத்து மட்டையைத் தரையில் வைத்தார். அது மணல் பங்கர். அங்கே அடிக்கு முன் மட்டை மணலைத் தொடக் கூடாது. இரண்டு அடி தண்டனை. கூடுதல் ஆட்டத்துக்கான இடம் போனது. அடுத்த ஆண்டு நியூ ஆர்லியன்ஸில் வெப் சிம்ப்சன் மட்டையை வைத்த பிறகு பந்து தானாக நகர்ந்து ஓர் அடி பறிபோனது. கூடுதல் ஆட்டத்தில் பப்பா வாட்சனிடம் தோற்றார். 2012-இல் அந்த விதி இளகியது. 2019-இல் விதிநூல் இந்த ஆயத்தத்துக்கான தனி வரையறையையே எடுத்துவிட்டது. ஆனால் புதிதாக ஒன்று சேர்ந்தது: ஆட்டக்காரர் நிலையெடுக்கத் தொடங்கியதும் கேடி அவருக்குப் பின்னால் நேர்கோட்டில் நின்று திசை பார்த்துச் சொல்லக் கூடாது. அந்த ஜனவரியில் துபாயில் சீன வீரர் லீ ஹாவ்தோங் இதற்காக இரண்டு அடி இழந்தார். தண்டனை கடுமை என்று பலரும் முறையிட, சில வாரங்களில் விளக்கம் மாற்றப்பட்டது.

இப்போது பிரைசன் டிஷாம்போ. சியாட்டிலில் போயிங் நிறுவனத்தில் வேலை பார்த்த ஹோமர் கெல்லி 1969-இல் எழுதிய 'தி கோல்ஃபிங் மெஷின்' நூலைப் பதின்ம வயதில் படித்தவர், பிறகு இயற்பியல் மாணவர். இரும்பு மட்டைகள் எல்லாவற்றையும் ஒரே நீளத்துக்கு வெட்டிக்கொண்டார். ஒவ்வொரு மட்டைக்கும் ஒரு தூரம், ஒரு குனிவு என்று நூற்றாண்டுகளாக இருந்த வழக்கம் அவருக்கு இல்லை. எந்த இரும்பை எடுத்தாலும் ஒரே நிலை. கையையும் தண்டையும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நீட்டி நிற்கிறார். கனடாவின் மோ நார்மன் பல பத்தாண்டுகளுக்கு முன் அப்படித்தான் நின்றார்; மட்டையைப் பந்துக்கு ஓர் அடி பின்னாலேயே தரையில் வைப்பார். அந்த நீட்டலுக்கு விரல் பிடி ஒத்துவராது என்று டிஷாம்போ மிகத் தடிமனான கைப்பிடிகளைப் போட்டு, அவற்றை உள்ளங்கையில் பற்றுகிறார். வார்டன் கைவிடச் செய்த அதே உள்ளங்கைப் பிடி. 2020-இல் ஒன்று, 2024-இல் ஒன்று என இரண்டு அமெரிக்க ஓப்பன் பட்டங்களை அந்தக் கைகள் வென்றிருக்கின்றன. அவரைப் பார்த்துத் தடிமனான பிடிகளை வாங்கிப் பார்க்கிறவர்களும் கிளம்பிவிட்டார்கள்.